நிலநடுக்கத்தில் மலைச்சரிவு எவ்வளவு நகரும்? நிலச்சரிவு ஆபத்தை மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் கோர்க்கா பகுதியில் 7.8 அளவு நிலநடுக்கம் வந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பிறகு எண்ணியதில் ஏறத்தாழ 25,000 நிலச்சரிவுகள் தேறின. கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு செங்குத்தான மலைகளில் அவ்வளவு பெரிய நடுக்கம் வந்தால் இன்னும் அதிகமாகச் சரிந்திருக்கும் என்றுதான் ஆய்வாளர்கள் நினைத்திருந்தார்கள்.

2018 செப்டம்பர் 6 அன்று ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் வந்தது 6.6 அளவுதான். வெளிப்பட்ட ஆற்றலைப் பார்த்தால் கோர்க்காவில் சுமார் அறுபதில் ஒரு பங்கு. இடமும் இமயமலை இல்லை, காடு மூடிய சின்னச் சின்னக் குன்றுகள். ஆனாலும் சில நூறு சதுர கிலோமீட்டருக்குள் ஆயிரக்கணக்கான சரிவுகள் ஒரே இரவில் தோல் உரிந்ததுபோல் வழுக்கி இறங்கின. அட்சுமா என்ற சிறு ஊரில் மட்டும் 36 பேர் இறந்தார்கள்.

கோர்க்காவில் நடுங்கியது பருவமழைக்கு முந்தைய வறண்ட மாதம். ஹொக்கைடோ குன்றுகளில் மேல்மண்ணுக்கு அடியில் தருமாயே எரிமலை கக்கிய நுரைக்கல் அடுக்கு இருந்தது. பல ஆயிரம் ஆண்டுகளில் அது இற்றுக் களிமண்ணாகி, நீரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. நிலநடுக்கத்தின் அளவை மட்டும் கேட்டுவிட்டு ஒரு சரிவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதற்கு இந்த இரண்டு சம்பவங்களே போதும். சரிவுக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது, வழுக்கக்கூடிய அடுக்கு எது, அது எத்தனை சென்டிமீட்டர் நகர்வு வரை தாங்கும் ஆகிய மூன்றையும்தான் தேட வேண்டும். அதை எப்படித் தேடுவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

சிவில் படிக்கும் மாணவர்கள், மலைப்பகுதியில் வீடோ சாலையோ கட்டுபவர்கள், ஊராட்சிப் பொறியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இது முதல்கட்ட மதிப்பீட்டுக்கானது. கட்டுமான வடிவமைப்பில் கையெழுத்துப் போடும் வேலையை மண்பொறியியல் வல்லுநரிடம்தான் விட வேண்டும்.

படி 1: என்ன கேட்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு வீட்டுக்கு மேலே உள்ள ஒற்றைச் சரிவா, 10 கிலோமீட்டர் மலைச்சாலையா, ஒரு முழு வட்டமா (தாலுகா)? ஒற்றைச் சரிவு என்றால் துளையிட்டு மண் எடுத்துச் சோதிக்கலாம். ஒரு வட்டம் முழுக்க அப்படிச் செய்ய யாரிடமும் பணம் இல்லை. அங்கே வரைபடத்தையும் பழைய சரிவுகளின் பதிவையும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அப்புறம், அறிக்கைகளில் ‘சரியும் வாய்ப்பு’, ‘ஆபத்து’ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். யாரும் இல்லாத பள்ளத்தாக்கில் விழப்போகும் சரிவுக்கு வாய்ப்பு அதிகம், ஆபத்து ஏறத்தாழ இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் சுமாரான சரிவு அதற்கு நேர்மாறு.

படி 2: இடத்துக்குப் போகும் முன்பே திரையில் பாருங்கள்

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. செலவில்லாத, ஆனால் பலரும் தொடாத கருவி இது. காட்டுக்கு நடுவே லாட வடிவத்தில் ஒரு குழிவு, அதன் கீழே மேடும் பள்ளமுமாக ஒரு மண்குவியல், சுற்றியுள்ள மரங்களைவிட இளசான மரங்கள் இவையெல்லாம் பழைய நிலச்சரிவின் தடம்.

பழைய சரிவை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டும் என்றால், ஒரு முறை சரிந்த இடத்தில் வழுக்குத்தளம் ஏற்கெனவே உருவாகிவிட்டது. அதன் வலுவில் பெரும்பகுதி அப்போதே போய்விட்டது. தைவானில் சாவோலிங் என்ற மலைச்சரிவு 1941 நிலநடுக்கத்தில் சரிந்தது, 1999 செப்டம்பர் 21 சிச்சி நிலநடுக்கத்தில் மறுபடியும் சரிந்தது. இரண்டாவது முறை இறங்கியது 10 கோடி கன மீட்டருக்கும் அதிகம். அங்கே பாறை அடுக்கின் சாய்வு வெறும் 14 டிகிரி அளவுதான். செங்குத்தாக இல்லையே என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சாய்வுக் கோணத்தை உயர வரைபடத்திலிருந்து எடுக்கலாம். 30 மீட்டர் கட்டங்கள் கொண்ட உயரத் தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் 30 மீட்டர் கட்டம் என்பது ஒரு சாலை வெட்டையோ 10 மீட்டர் செங்குத்துப் பாறையையோ சமன்படுத்தி மறைத்துவிடும். திரையில் 28 டிகிரி என்று வரும் இடம் நேரில் 45 ஆக இருக்கலாம். இந்தியாவுக்குள் என்றால் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தயாரித்த 1:50,000 அளவுகோல் நிலச்சரிவு வரைபடங்கள் அதன் பூகோஷ் இணையதளத்தில் உள்ளன. தொடக்கத்துக்கு அவை நல்லவை. ஆனால் குறிப்பிட்ட ஒரு நடுக்கத்தில் என்ன ஆகும் என்பதற்கு அவற்றில் விடை இருக்காது.

படி 3: மேலிருந்து கீழே நடந்து பாருங்கள்

கீழே ஜீப்பில் நின்றபடி அண்ணாந்து பார்த்துவிட்டு அறிக்கை எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. அப்படிப் பார்த்தால் முக்கியமானது தெரியாது, ஏனென்றால் முதல் அறிகுறிகள் சரிவின் உச்சியில்தான் வரும். உச்சிக்குப் போங்கள்.

அங்கே தேட வேண்டியது சரிவுக்குக் குறுக்காக ஓடும் விரிசல்கள். புல்லுக்கு அடியில் மறைந்திருக்கும், காலால் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். விரிசலின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால் நகர்வு தொடங்கிவிட்டது. இரண்டு ஓரங்களும் மழுங்கி, உள்ளே செடி முளைத்திருந்தால் பழையது. ஓரம் கூர்மையாக, உள்ளே ஈர மண் தெரிந்தால் புதியது. நீளம், அகலம், எந்தத் திசையில் வளைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறை வடிவில் வளைந்தால், அந்தப் பிறைக்குள் அடங்கும் மண்தான் நகரப்போகும் தொகுதி.

நடுப்பகுதியில் மரங்களையும் கம்பங்களையும் பாருங்கள். அடிமரம் வளைந்திருப்பதை மட்டும் வைத்து ‘நிலம் நகர்கிறது’ என்று சொல்லிவிட வேண்டாம். வெளிச்சம் தேடி வளைந்த மரமும் அப்படித்தான் இருக்கும். மின்கம்பம் வெளிச்சம் தேடாது. வரிசையாக நாலு கம்பங்கள் ஒரே பக்கம் சாய்ந்து, கம்பிகள் ஓரிடத்தில் விறைத்தும் ஓரிடத்தில் தொய்ந்தும் இருந்தால் அந்தச் சாட்சியை நம்பலாம். வீடுகளில் கதவு சட்டத்தில் சிக்குவது, தரைக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி விடுவது, சாலையின் வெளியோரம் திரும்பத் திரும்ப அமுங்கி ஒவ்வொரு வருஷமும் தார் போட வேண்டியிருப்பது இவற்றையும் எழுதுங்கள். சாலைப் பராமரிப்பு ஆட்களிடம் ‘எந்த இடத்தில் அடிக்கடி வேலை வருகிறது?’ என்று கேட்டால் அரை நாள் மிச்சமாகும்.

சரிவின் அடிவாரத்தில் ஊற்று, சதுப்பு, உப்பிய மண், வெளித்தள்ளிய தடுப்புச்சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்புச்சுவரில் நீர் வெளியேறும் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். மழை பெய்த மறுநாளும் அவை காய்ந்து கிடந்தால் அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அந்த நீர் சுவருக்குப் பின்னால் நிற்கிறது.

கோணம் அளக்க ஃபோனில் உள்ள சாய்வுமானியே முதல்கட்டத்துக்குப் போதும்.

படி 4: எந்த அடுக்கு வழுக்கும்?

பாறைச் சரிவு என்றால் அதிலுள்ள விரிசல் தளங்களும் அடுக்குத் தளங்களும்தான் எல்லாம். ஒரு தளம் சரிவின் முகத்தை நோக்கியே சாய்ந்திருக்கிறதா, இரண்டின் திசைக்கும் இடையே வித்தியாசம் 20 டிகிரிக்குள் இருக்கிறதா, அந்தத் தளம் முகத்தைவிடக் குறைவாகவும் உராய்வுக் கோணத்தைவிட (உராய்வு மட்டும் வழுக்காமல் தாங்கும் அதிகபட்சச் சாய்வு) அதிகமாகவும் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அந்தப் பாறை பலகையாக வழுக்கி வரும் வாய்ப்புண்டு. ஒரு புவியியல் திசைகாட்டியும் பொறுமையும் இருந்தால் இதை அரை நாளில் அளந்துவிடலாம்.

மண்சரிவு என்றால் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று மண்துகள்கள் தங்களுக்குள் பிடித்துக்கொள்ளும் பிணைப்பு வலு, இன்ஜினியர்கள் கோஹீஷன் என்பார்கள். இன்னொன்று உராய்வுக் கோணம். கலையாத மாதிரி எடுத்து நேர்வெட்டுச் சோதனையோ மூவச்சுச் சோதனையோ செய்து ஆய்வகத்தில் பெறலாம். பழைய வழுக்குத்தளம் என்று தெரிந்தால் மண் முதல்முறை உடையும்போது காட்டும் உச்ச வலுவை எடுக்காதீர்கள், நிறைய நகர்ந்த பிறகு மிஞ்சும் எஞ்சிய வலுவை எடுங்கள். இரண்டுக்கும் இடையே பல டிகிரி வித்தியாசம் வரும்.

மாதிரி எடுக்கும்போது சராசரி மண்ணைத் தேடாமல் மோசமான மெல்லிய அடுக்கைத் தேடுங்கள். ஹொக்கைடோவில் மேலே இருந்த மண்ணைச் சோதித்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது, வழுக்கியது அடியிலிருந்த நுரைக்கல் அடுக்கு.

படி 5: நீர்

நீர் இரண்டு வேலை செய்கிறது. மண்துகள்களுக்கு இடையே அழுத்தம் கொடுத்து அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது, அது மழையிலும் நடக்கும். நடுக்கத்தின்போது, தளர்ந்த மணலாக இருந்தால், துகள்கள் நெருங்கப் பார்க்கும், நடுவிலிருக்கும் நீர் வெளியேற நேரமில்லாமல் அழுத்தம் ஏறும். அழுத்தம் முழுதும் ஏறினால் மண் திரவம்போல் ஓடத் தொடங்கும்.

நீர்மட்டத்தை அளக்கத் துளைக்குழாய் இறக்கி வைப்பது நல்லது. ஒரு நாள் அளவு போதாது. பருவமழையின் உச்சத்திலும் கோடையின் கடைசியிலும் அளக்க வேண்டும். குழாய்க்கு வழியில்லையென்றால் ஊற்றுகள் எந்த உயரத்தில் கசிகின்றன, எந்த மாதம் வற்றுகின்றன என்று ஊரில் விசாரியுங்கள்.

மழை மட்டும் காரணம் இல்லை. மேல்தட்டு வயலில் நிற்கும் நீர், கசியும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழி, சிமெண்ட் பூசாத கால்வாய் எல்லாமே சரிவுக்குள் நீர் செலுத்துபவை. இந்தோனேசியாவின் பாலு நகரில் 2018 செப்டம்பர் 28 அன்று 7.5 அளவு நிலநடுக்கம் வந்தபோது, பெட்டோபோ, ஜோனோ ஓகே பகுதிகளில் ஏறத்தாழ சமதளம்போல் இருந்த நிலம், ஓரிரு டிகிரி சாய்வுதான், வீடுகளோடு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடியது. இந்தப் பகுதிகளுக்கு மேலே ஒரு பாசனக் கால்வாய் இருந்தது. அது பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தி வைத்திருந்ததும், கால்வாய்க்குக் கீழேயுள்ள ஈர நிலம்தான் ஓடியது என்பதும் பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

காலமும் முக்கியம். 2004 அக்டோபர் 23 அன்று ஜப்பானின் நீகாட்டா மலைகளில் நடுக்கம் வந்தது, மூன்று நாளுக்கு முன்புதான் டோகாகே சூறாவளி கனமழை கொட்டிவிட்டுப் போயிருந்தது. யமகோஷி கிராமத்துச் சரிவுகள் நொறுங்கிப்போயின.

படி 6: எவ்வளவு நடுங்கும்?

நமக்கு வேண்டியது அந்த இடத்தில் நிலம் அடையும் உச்ச முடுக்கம். ‘ஜி’ என்ற புவியீர்ப்பு முடுக்கத்தின் பங்காக அதைச் சொல்வார்கள். ஐஎஸ் 1893 என்ற இந்திய நிலநடுக்கத் தரநிலையின் 2016 பதிப்பில் இரண்டாம் மண்டலத்துக்கு 0.10, மூன்றாம் மண்டலத்துக்கு 0.16, நான்காம் மண்டலத்துக்கு 0.24, ஐந்தாம் மண்டலத்துக்கு 0.36 என்று காரணிகள் தரப்பட்டுள்ளன. பெரிய திட்டமென்றால் அருகிலுள்ள நிலநடுக்கப் பிளவுகளை (ஃபால்ட்) வைத்து அந்த இடத்துக்கென்றே தனிக் கணக்கு போட வேண்டும்.

இந்த எண் சமதளப் பாறைக்கானது. மலைமுகட்டில் நடுக்கம் பெருகும். 1971இல் கலிபோர்னியாவின் பகோய்மா அணைக்கருகே ஒரு பாறை முகட்டில் வைத்திருந்த கருவி 1.25 ஜி பதிவு செய்தது. அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்கு நம்பவே முடியாத எண் அது. ஐரோப்பியத் தரநிலை, 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த குறுகிய முகடுகளின் உச்சிக்கு 1.4 என்றும் அதைவிடச் சாய்வு குறைந்த முகடுகளுக்கு 1.2 என்றும் பெருக்கச் சொல்கிறது. நம் ஊர்களில் முகட்டில்தான் கோயிலும் பள்ளியும் செல்போன் கோபுரமும் இருக்கும் என்பதால் இதை விட்டுவிட வேண்டாம்.

படி 7: கணக்கு

முதலில் நடுக்கமில்லாத நிலையில் சரிவு எவ்வளவு உறுதி என்று பார்க்க வேண்டும். அதைச் சொல்லும் எண் பாதுகாப்புக் காரணி: சரிவைப் பிடித்து வைக்கும் வலுவை அதைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தது, 1க்குக் கீழே போனால் சரிவு நிற்காது. ஆழமில்லாத, நீளமான மண்சரிவுக்கு அது மூன்று உறுப்புகளால் ஆனது.

முதல் உறுப்பு = பிணைப்பு வலு ÷ (மண்ணின் அலகு எடை × தடிமன் × சாய்வின் சைன்)

இரண்டாம் உறுப்பு = உராய்வுக் கோணத்தின் டான் ÷ சாய்வின் டான்

மூன்றாம் உறுப்பு = நீர் நிரம்பிய பங்கு × (நீரின் அலகு எடை ÷ மண்ணின் அலகு எடை) × இரண்டாம் உறுப்பு

முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் காரணி கிடைக்கும். தடிமனைச் சரிவுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும்.

ஒரு கற்பனைச் சரிவை எடுத்துக்கொள்வோம். நேபாள நடுமலைகளில் சாதாரணமாகக் காணும் வகை. சாய்வு 30 டிகிரி, மண் தடிமன் 3 மீட்டர், அலகு எடை கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன், பிணைப்பு வலு 10 கிலோபாஸ்கல், உராய்வுக் கோணம் 33 டிகிரி. அலகு எடை ஈரத்தோடு கொஞ்சம் மாறும், எளிமைக்காக ஒரே எண்ணாக வைக்கிறேன்.

முதல் உறுப்பு 0.35, இரண்டாவது 1.12. உலர்ந்த நிலையில் காரணி 1.48. பாதித் தடிமனுக்கு நீர் ஏறினால் மூன்றாம் உறுப்பு 0.29, காரணி 1.19. முக்கால் பங்கு ஏறினால் 1.04. முழுக்க நிரம்பினால் 0.89, அதாவது நிலம் நடுங்கவே வேண்டாம், மழையிலேயே போய்விடும்.

இப்போது நடுக்கம். பழைய வழக்கப்படி நடுக்கத்தை ஒரு நிலையான கிடைவிசையாக எண்ணி, மறுபடி காரணி கணக்கிட்டு, 1க்கு மேல் வந்தால் ‘சரி’ என்று முடித்துவிடுவார்கள். சீக்கிரம் முடியும், வடிகட்டுவதற்கு இன்றும் உதவும். ஆனால் நடுக்கம் நிலையான விசை இல்லை. ஒரு நொடியின் ஒரு பகுதிக்கு ஒரு பக்கம் தள்ளும், அடுத்த நொடி எதிர்ப்பக்கம். காரணி ஒரு கணம் 1க்குக் கீழே போய்த் திரும்பினால் சரிவு சில மில்லிமீட்டர் நகர்ந்து நின்றுவிடும். அது விழுந்ததாகாது.

இதைத்தான் நேதன் நியூமார்க் 1965இல் லண்டனில் ஆற்றிய ராங்கின் சொற்பொழிவில் விளக்கினார். சாய்ந்த பலகையில் ஒரு பெட்டி இருக்கிறது, பலகையை ஆட்டுகிறோம். ஒரு குறிப்பிட்ட முடுக்கத்தைத் தாண்டும்போது மட்டும் பெட்டி நழுவும், குறைந்ததும் நிற்கும். நழுவிய துண்டு தூரங்களையெல்லாம் கூட்டினால் மொத்த நகர்வு. நம் வகைச் சரிவுக்கு அந்த வரம்பு, அதாவது நகரத் தொடங்கும் முடுக்கம், மிக எளிது:

(பாதுகாப்புக் காரணி − 1) × சாய்வின் சைன்

விடை ஜி அலகில் வரும். நம் சரிவுக்கு உலர்ந்தபோது 0.238, பாதி நீரில் 0.093, முக்கால் நீரில் 0.020.

முழு நடுக்கப் பதிவு கையில் இருந்தால் இரட்டைத் தொகையீடு (இன்டக்ரேஷன்) செய்து நகர்வைப் பெறலாம். இல்லையென்றால் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ராண்டல் ஜிப்சன் 2007இல் வெளியிட்ட சமன்பாடு இருக்கிறது. 30 நிலநடுக்கங்களின் 2,270 பதிவுகளிலிருந்து எடுத்தது:

லாக்(நகர்வு) = 0.215 + 2.341 × லாக்(1 − விகிதம்) − 1.438 × லாக்(விகிதம்)

விகிதம் என்பது நகரத் தொடங்கும் முடுக்கத்தை உச்ச முடுக்கத்தால் வகுத்தது. லாக் பத்தின் அடிமானம், நகர்வு சென்டிமீட்டரில்.

உச்ச முடுக்கம் 0.36 ஜி என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த சரிவு 0.24 சென்டிமீட்டர் நகர்கிறது. பாதி நீரில் 5.7 சென்டிமீட்டர். முக்கால் நீரில் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர்.

அதே மலை, அதே மண், அதே நடுக்கம். ஏப்ரலில் யாருக்கும் தெரியாமல் போகும் நகர்வு ஆகஸ்டில் ஊரை மூடும். கோர்க்காவில் மழைக்காலத்தில் நடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த மூன்று எண்களைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

எத்தனை சென்டிமீட்டர் வரை விடலாம்? அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகருக்கான வரைபடத்தில் 1 சென்டிமீட்டருக்குள் குறைவு, 1 முதல் 5 மிதம், 5 முதல் 15 அதிகம், 15க்கு மேல் மிக அதிகம் என்று பிரித்தார்கள். பொதுவாக 5 முதல் 10 சென்டிமீட்டரில் மண்ணில் விரிசல் ஓடி வலு குறையத் தொடங்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நொறுங்கும் தன்மையுள்ள பாறைக்கு அதைவிடக் குறைவாக வையுங்கள்.

விடையை ஒற்றை எண்ணாக நம்ப வேண்டாம். ஜிப்சன் சமன்பாட்டின் சிதறல் லாக்கில் 0.51, அதாவது மூன்று மடங்குக்கும் மேல் கூடவோ குறையவோ செய்யலாம். 5.7 என்பது 2க்கும் 18க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம் என்று படியுங்கள். உராய்வுக் கோணத்தை இரண்டு டிகிரி, நீர்ப் பங்கைக் கால் பங்கு மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த எண்ணை மாற்றினால் விடை துள்ளுகிறதோ அதை அளக்கத்தான் பணம் செலவழிக்க வேண்டும். என் அனுபவத்தில் அது ஏறக்குறைய எப்போதும் நீர்தான்.

நீலகிரி, வால்பாறைப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவு நிலநடுக்கம் வந்தது. 2016 தரநிலையில் கோயம்புத்தூர் மூன்றாம் மண்டலம், 0.16. மேலே சொன்ன அதே சரிவை 0.16இல் போட்டால் உலர்ந்தபோது நகர்வே இல்லை, பாதி நீரில் அரை சென்டிமீட்டர், முக்கால் நீரில் சுமார் 24 சென்டிமீட்டர். ஆனால் முக்கால் நீரில் அந்தச் சரிவின் காரணி 1.04 ஆகிவிட்டது. இன்னும் இரண்டு நாள் மழை போதும், நடுக்கத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்ததெல்லாம் மழைச்சரிவுகள்தான். அதனால் அங்கே செலவழிக்கும் முதல் ரூபாய் வடிகாலுக்குப் போகட்டும், நடுக்கத்துக்கும் அதுவே உதவும்.

படி 8: கணக்கு செல்லாத இடங்கள்

நியூமார்க் கணக்கு பெட்டி உடையாது, நகரும்போது வலு குறையாது என்று எடுத்துக்கொள்கிறது. வலு திடீரென்று சரியும் மண்ணில் அது தவறாக வழிகாட்டும். 1971 பிப்ரவரி 9 அன்று கலிபோர்னியாவின் கீழ் சான் பெர்னாண்டோ மண் அணையின் நீர்ப்பக்கச் சரிவு, அணையின் உச்சியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. உள்ளே, கட்டும்போது நீரோடு கலந்து கொட்டியிருந்த மண் திரவமாகிவிட்டிருந்தது. நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் கொஞ்சம் மண் மிஞ்சித் தடுத்தது. கீழே இருந்த சுமார் 80,000 பேரை அவசரமாக வெளியேற்றினார்கள்.

ஆகவே தளர்ந்த, நீர் நிறைந்த மணலோ வண்டலோ இருந்தால் முதலில் திரவமாகுமா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். கலைத்தால் குழையும் களிமண்ணும் அப்படித்தான். 1964இல் ஆங்கரேஜின் டர்னகேன் ஹைட்ஸ் குடியிருப்பு அத்தகைய மண்ணில்தான் கடலை நோக்கிக் கிழிந்து போனது. செங்குத்துப் பாறையிலிருந்து உதிரும் கற்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே எந்தக் கல் எங்கே தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

படி 9: விழுந்தால் எங்கே வரை வரும்?

சரிவு எங்கே தொடங்கும் என்று கணக்கிட்டுவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உயிர்போவது பெரும்பாலும் கீழே, சமதளத்தில்.

எளிய வழி, சரிவின் உச்சியிலிருந்து மண் போய் நிற்கும் இடத்துக்கு ஒரு நேர்கோடு போட்டு அதன் கோணத்தைப் பார்ப்பது. சிறிய உலர்ந்த சரிவுகளில் இது 30 டிகிரிக்கு அருகே இருக்கும், தொகுதி பெரிதாகப் பெரிதாக, நீர் சேரச் சேரக் குறையும். எல் சால்வடாரில் 2001 ஜனவரி 13 அன்று லாஸ் கோலினாஸ் சரிவு சுமார் 160 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி 700 மீட்டருக்கும் மேல் ஓடி, சாண்டா டெக்லாவின் குடியிருப்பு ஒன்றை மூடியது. சுமார் 585 பேர் இறந்தார்கள். கோணம் 13 டிகிரிதான். அந்த மக்களில் பலர் தாங்கள் மலையடிவாரத்தில் இருப்பதாகவே நினைத்திருக்க மாட்டார்கள். உதிரும் பாறைக்கு வேறு அளவு உண்டு. அடிவாரக் கற்குவியலின் உச்சியிலிருந்து 27.5 டிகிரிக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கு அப்பால் கற்கள் போவது அபூர்வம்.

நதிப் பள்ளத்தாக்கானால், மண் விழுந்து ஆற்றை அடைக்குமா என்றும் பார்க்க வேண்டும். 2005 அக்டோபர் 8 காஷ்மீர் நடுக்கத்தில் ஹட்டியன் பாலா சரிவு இரண்டு ஓடைகளை அடைத்து ஏரிகளை உண்டாக்கியது. அந்த மண் அணை 2010 பிப்ரவரியில்தான் உடைந்தது.

மலைக்குமேல் பனிப்பாறை இருந்தால் கணக்கெல்லாம் மாறும். கோர்க்கா நடுக்கத்தில் லாங்டாங் கிராமத்தின் மீது பனியும் பாறையும் கலந்து விழுந்தபோது, அது கிளப்பிய காற்றே எதிர்ப்பக்கத்து மரங்களைச் சாய்த்தது. 300க்கும் மேற்பட்டோர் போனார்கள்.

படி 10: வரைபடமாக்கி முடிவெடுங்கள்

நகர்வு வகை, ஓடும் எல்லை, அதற்குள் உள்ள வீடு, பள்ளி, சாலை, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றை ஒரே தாளில் போடுங்கள். உலர்காலம் ஒன்று, மழைக்காலம் ஒன்று என இரண்டு வரைபடம் வேண்டும். ஊர்க்கூட்டத்தில் மழைக்கால வரைபடத்தைக் காட்டுங்கள்.

தீர்வுகளில் மலிவானதும் பலனுள்ளதும் வடிகால்தான். உச்சிக்கு மேலே மழைநீரைத் திருப்பும் வாய்க்கால், சரிவுக்குள் லேசாக மேல்நோக்கிச் செருகும் துளைக்குழாய்கள், கழிவுநீர்க் குழிகளை இடம் மாற்றுதல். கம்பிக்கூடைச் சுவர், மண் ஆணி (சரிவுக்குள் செருகும் இரும்புக் கம்பி), கான்கிரீட் சுவர் எல்லாம் அதற்குப் பிறகு. சில இடங்களில் எதுவும் கட்டாமல் விடுவதுதான் சரியான முடிவு. அதை அறிக்கையில் எழுதத் தயங்குகிறோம்.

படி 11: நடுங்கி முடிந்த பிறகு

நின்ற சரிவுகளைத்தான் இப்போது கவனிக்க வேண்டும். அவற்றில் பல விரிசல் விட்டு, அடுத்த மழைக்குக் காத்திருக்கும். கோர்க்காவில் 17 நாள் கழித்து மே 12 அன்று 7.3 அளவு பின்னதிர்வு வந்தது, ஜூனில் பருவமழை தொடங்கியது. சீனாவின் வென்சுவானில் 2008 மே மாதம் நடுங்கிய மலைகளிலிருந்து 2010 ஆகஸ்டில் பெருமழை வந்தபோதும் சேற்றுவெள்ளம் இறங்கியது. இத்தகைய கூடுதல் ஆபத்து சில ஆண்டுகளுக்கு நீடிக்கும்.

நடுக்கம் முடிந்த முதல் வாரத்திலேயே உச்சி விரிசல்களைக் களிமண்ணால் அடைத்து இடித்து, தார்பாலின் போட்டு மூடுங்கள். மழைநீர் உள்ளே இறங்கவே கூடாது. விரிசலின் இரு பக்கமும் முளை அடித்து டேப்பால் தூரத்தை அளந்து, தேதி, நேரம், முந்தைய 24 மணி நேர மழையோடு நோட்டில் எழுதுங்கள். சுவர் விரிசல் என்றால் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை சிமெண்டால் ஒட்டி வைத்தால் போதும், நகர்ந்தால் உடையும். தினம் 1 மில்லிமீட்டர் நகர்ந்தது 2, 5 என்று வேகமெடுத்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் கீழே உள்ளவர்களை வெளியேற்றுங்கள். சரிவு நகர்வதைவிட, நகரும் வேகம் ஏறுவதுதான் மோசம்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் நீர் திடீரென்று குறைந்தால் மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது என்று பொருள். தெளிந்த ஊற்று கலங்கினாலும் விடக் கூடாது. அப்படித் தெரிந்த உடனே ஓடைக்கரையை விட்டுப் பக்கவாட்டில் மேடேறி, அங்கிருந்து மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077இல் சொல்லுங்கள்.